கேள்விக்குறி எங்கே போனது?

கீழ்பென்னாத்தூரில் நான் வீடு வீடாகக் கணக்கெடுத்ததிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். சென்னையில் இரண்டு அறைகளில் இயங்கிய சிறிய ஆய்வு நிறுவனம் ஒன்று, வெளிநாட்டு நிதி அமைப்பிடம் ஒப்பந்தம் எடுத்திருந்தது. எனக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. கிணறு எத்தனை, மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று கட்டங்கள். மல்லாட்டை போட்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: "கெணறு கீது, தண்ணிதான் இல்ல. அத்த எங்க எழுதுவ?" எழுத இடமில்லை. '1' என்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்த '1' ஒரு பொய். என் பொய் மட்டுமல்ல, அதற்கொரு வரலாறு உண்டு.

1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918இல் அது நூலாயிற்று. ஆனால் அன்று கல்லூரிக்குப் போக முடிந்தவர்கள் யார்? சேரியிலிருந்து யார் போனார்கள்?

1973-74இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அன்றைய வட ஆர்க்காட்டுக்கு வந்தார்கள். திருவண்ணாமலை அப்போது அதில்தான் இருந்தது. மாதிரிக்கு 11 ஊர்கள். பி.எச். ஃபார்மர் தொகுத்து 1977இல் வந்த நூலின் தலைப்பு 'பசுமைப் புரட்சி?' கேள்விக்குறியோடு! புதிய விதை எதிர்பார்த்த அளவு பரவவில்லை, தண்ணீர் தடுக்கிறது என்றார்கள். அந்தக் குழுவில் இருந்த ராபர்ட் சேம்பர்ஸ்தான் பின்னர் 1983இல், தார்ச்சாலையோரமாகவே கிராமத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நிபுணர்களைச் சாடி எழுதினார்.

1982-84இல் வாஷிங்டனின் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போயின. 1982-83 வறட்சி, அடுத்த ஆண்டு நல்ல மழை. பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் வெளியிட்ட நூல், சிறு விவசாயிகளும் நிலமற்றோரும்கூடப் பயனடைந்தார்கள் என்றது. தலைப்பு 'பசுமைப் புரட்சி: ஒரு மறுபரிசீலனை' என்ற பொருளில் இருந்தது. கேள்விக்குறி போய்விட்டது.

ஒருவர் பொய்யர், மற்றவர் மெய்யர் என்று சொல்ல வரவில்லை. இரண்டும் உழைப்பு மிகுந்த ஆய்வுகள். ஆனால் பசுமை சிவப்பாகிவிடுமோ என்பது எழுபதுகளின் அச்சம். போட்ட முதலீடு பலித்ததா என்பது எண்பதுகளின் கவலை. இரண்டுமே ஊர்க்காரர் கேட்ட கேள்வி அல்ல. 1993-94இல் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜனும் அதே வட்டாரத்தில் மறுபடி ஆய்வு நடத்தினார்கள். போட்டி போட்டுக் கிணறு ஆழப்படுத்தி, கடனில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஜனகராஜன் தொடர்ந்து எழுதினார். வறண்ட கிணறு அப்போதுதான் கணக்குக்குள் வந்தது.

இங்கே நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் 'ஏகாதிபத்தியக் கணக்கு' என்று ஒதுக்கிவிட்டு நாம் என்ன செய்தோம்? நிலக்குவியல் பற்றி நான் எழுதிய துண்டறிக்கைகளில் ஒரு கிணற்றின் ஆழம்கூடக் கிடையாது. அவர்கள் தப்பாக எண்ணினார்கள் என்று சொல்ல, நாம் ஒருமுறையாவது எண்ணியிருக்க வேண்டாமா?

நான் நிரப்பிய படிவங்கள் அறிக்கையாகி நிதி கொடுத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தன. ஊருக்கு ஒரு பக்கமும் திரும்பி வரவில்லை. படிவத்தை அடுத்த முறை யார் தயாரித்தாலும் சரி, முதல் கேள்வியை அந்த அம்மா எழுதட்டும். அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். நான்தான் எழுதிக்கொள்ளவில்லை.