ஓர் எழுத்தில் ஒரு கோட்டை

செல்போனில் ‘ஆர்’, ‘யூ’ என்று இரண்டே எழுத்தைத் தட்டி, அதையே இரண்டு முழு வார்த்தையாக ஓட்டிவிடுகிறார்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். ‘கிரேட்’ என்று முடிக்க ஓர் எட்டு போதும்! ‘இதென்ன பாஷை’ என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். வா, போ, தா, தீ, பூ, கை, பை... காலையிலிருந்து நாமும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்?

ஓரெழுத்து ஒருமொழி என்று இதற்குப் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எண்ணிப் பார்த்து, மொத்தம் 42 என்று கணக்குக் கொடுத்தார். அதில் நெடில் 40. மிச்சம் ‘நொ’, ‘து’ என்ற இரண்டு குறில்கள். முதலாவதற்குத் துன்பப்படு என்று பொருள். இரண்டாவதற்கு? உண்! பல இன்றும் நம் வாயில் புழங்குகின்றன. சில மட்டும் காணாமல் போய்விட்டன.

அப்படிப் போன ஒன்றுதான் ‘சோ’. இப்போது ‘சோ’ என்றால் மழை பெய்யும். இல்லாவிட்டால் மொட்டைத் தலையுடன் ஒரு பத்திரிகை ஆசிரியர் ஞாபகத்துக்கு வருவார். பழந்தமிழில் அதற்குப் பொருள் மதில், அரண். இலங்கைக் கோட்டையை ராமன் அழித்ததைச் சொல்லும்போது சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர்கள் பாடுவது இந்தச் சொல்லைத்தான்.

சரி, மதிலுக்கும் நமக்கும் என்ன? கொஞ்சம் மரக்காணம் வரை வாருங்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து கடல் வணிகம் செய்த ஒரு கிரேக்கர் (பெயர் தெரியாது) ‘பெரிப்ளூஸ்’ என்ற கையேட்டை எழுதிவைத்தார். நம் கிழக்குக் கரையில் அவர் வரிசையாகச் சொல்லும் துறைமுகங்கள் மூன்று: கமரா, பொதுகே, சோபட்மா. முதலாவது காவிரிப்பூம்பட்டினம். இரண்டாவது புதுச்சேரிப் பக்கம், அரிக்கமேடு. மூன்றாவது எங்கே?

இங்கேதான் சிறுபாணாற்றுப்படை கை கொடுக்கிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. வழியில் ஒரு கடற்கரை ஊர். அங்கே பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறார் புலவர். ஊரின் பெயர் எயிற்பட்டினம். நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது; அதற்கு நேர் கிழக்கே கடலைத் தேடினால் மரக்காணம்!

எயில் என்றாலும் மதில்தான். அப்படியானால் எயிற்பட்டினம் = மதில் பட்டினம். சோ பட்டினம்? அதுவும் மதில் பட்டினம்! கிரேக்கர் காதில் ‘சோபட்மா’ என்று விழுந்தது இதுதான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. வேறு ஊரைக் காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் புதுச்சேரிக்கு வடக்கே, கிடங்கிலுக்குக் கிழக்கே என்று திசை இரண்டும் ஒத்துப்போகும்போது மரக்காணத்தின் பக்கம் தராசு சாய்வதில் ஆச்சரியமில்லை.

இன்று அங்கே போனால் மதிலும் இல்லை, மரக்கலமும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம். வெயிலில் கண் கூசும் வெள்ளை மேடுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் நிற்காமல் பறக்கின்றன.

கோட்டை போய்விட்டது. அதைப் பற்றிய ஒரே ஓர் எழுத்து, ஒரு வெளிநாட்டு வியாபாரியின் கையேட்டில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ‘சோ’வுக்கு அர்த்தம் எழுதிவைத்த நம் பழைய உரைகாரர்கள் மட்டும் இல்லாவிட்டால், அதைப் படித்துக் காட்டக்கூட ஆள் இருந்திருக்காது. அடுத்த முறை உங்கள் பிள்ளை இலக்கணப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தால், மரக்காணத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்கள்!