கொல்லைப்புறத்திலிருந்து தெருவுக்கு
வீட்டுச் சாக்கடைக் குழாயின் வரலாறும் செலவும்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பழைய தெருவில் உங்களுக்கு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தெருவில் பாதாளச் சாக்கடை போட்டாகிவிட்டது. வீட்டின் பழைய கழிவுக் குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் பதித்துத் தெருச் சாக்கடையில் சேர்க்க வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டுச் செலவு கேட்கிறீர்கள். அவர் சொல்லும் தொகை, அடுத்த தெருவில் புது வீடு கட்டியவருக்கு ஆனதைப்போல் பல மடங்கு இருக்கிறது. குழாயோ அதே நான்கு அங்குலக் குழாய். சிமெண்டும் அதே சிமெண்டு. பின் ஏன் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கு விடை கடையின் விலைப் பட்டியலில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கழிப்பறை எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எதற்காகக் கட்டப்பட்டது என்பதே இன்றைய செலவைத் தீர்மானிக்கிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

அரிக்கமேட்டின் செங்கல் வடிகால்

செஞ்சிப் பகுதியிலிருந்து விழுப்புரம் மாவட்டத்தின் ஊடே ஓடிவருவது சங்கராபரணி ஆறு. அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் அவற்றுக்கு நீர் வரவும் போகவும் அமைத்த மூடிய செங்கல் வடிகால்களும் வெளிப்பட்டன. சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகளும் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் பகுதி மக்கள், நீரை வாட்டம் பார்த்து ஓடவைக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்பது இதனால் விளங்கும். அதற்கும் முன்னதாக, சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன், சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் வீட்டு வடிகால்கள் தெரு வடிகால்களில் போய்ச் சேர்ந்தன.

இத்தகைய வடிகால்களைக் கட்டும் கலை பிற்காலத்தில் எல்லா ஊர்களுக்கும் பரவவில்லை. நம் ஊர்களில் குளித்த நீர் தோட்டத்து வாழைக்குப் போயிற்று. மற்றக் கழிவுக்கு வயல்வெளியும் ஏரிக்கரையும் இருந்தன. மக்கள் நெருங்கி வாழத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் பிறந்தது.

செலவு யாருடையது?

இன்று நாம் காணும் பாதாளச் சாக்கடை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவெடுத்தது. காலரா அந்நாட்டு நகரங்களைப் பலமுறை தாக்கியது. 1854இல் லண்டனில் ஒரு தெருக் குழாயின் நீரே அப்பகுதியில் காலராவைப் பரப்பியது என்பதை ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் எடுத்துக் காட்டினார். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்கமுடியாமல் போகவே, நாடாளுமன்றம் விரைந்து பணம் ஒதுக்கியது. பொறியாளர் ஜோசப் பசல்கெட் லண்டனின் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார்.

பெருஞ்சாக்கடையை அரசு கட்டலாம். வீட்டிலிருந்து அதுவரை வரும் குழாய்க்கு யார் பணம் கொடுப்பது? இதற்கு 1848ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சட்டமே ஒரு விடை தந்திருந்தது. அருகில் சாக்கடை இருந்தால் வீட்டுக்காரர் தம் செலவில் குழாய் போட்டு இணைக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் ஊர்ச் சபையே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம். தெருவுக்கு ஊர், வீட்டுக்கு உரியவர் என்ற இந்தப் பங்கீடுதான் இன்றுவரை பல நாடுகளில் தொடர்கிறது. நம் நகராட்சிகளின் நடைமுறையும் இதை ஒட்டியதே.

அதே காலத்தில் மலிவான குழாயும் வந்தது. 1846இல் ஹென்றி டௌல்டன் லண்டன் லாம்பெத்தில், மேலே பளபளப்புப் பூசிச் சுட்ட மண் குழாய்களைப் பெருமளவில் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். அமிலம் அரிக்காத அந்தக் குழாய் நம் நாட்டுக்கும் வந்தது. பழைய வீடுகளைத் தோண்டினால் செம்பழுப்பு நிறத்தில் இன்றும் கிடைப்பது அதன் வம்சமே.

ஐம்பது ஆண்டுக் கணக்கு

சென்னை நகரின் பாதாளச் சாக்கடை அமைப்பு 1910இல் திட்டமிடப்பட்டது. 1961இல் நகரில் 6.6 லட்சம் மக்கள் இருப்பார்கள் என்று அன்றைய பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகையோ 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது! குழாய்க்கு வயது இருப்பதுபோல் கணக்குக்கும் வயது உண்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இன்று குழாய் மாற்றும் நீங்களும், மாடியில் நாளை வரப்போகும் குடித்தனத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சிறிய ஊர்களுக்கு அந்த வசதியும் எட்டவில்லை. அங்கே எடுப்புக் கழிப்பறைகள் இருந்தன. வீட்டின் கொல்லைக் கோடியில் கழிப்பறை. அதன் பின்னால் ஒரு சந்து. அந்தச் சந்தின் வழியாக வந்து, பிறர் கழிவைக் கையால் வாரிச் சுமந்து சென்றவர்களும் மனிதர்களே. சாதி அவர்கள்மேல் சுமத்திய வேலை அது. வீட்டுக்காரர் செலவழிக்காத தொகையை அவர்கள் தம் உடலாலும் மானத்தாலும் செலுத்தினார்கள்.

பின்னர் செப்டிக் டாங்க் வந்தது. காற்றுப் புகாத தொட்டியில் கழிவு தங்கினால் நுண்ணுயிர்கள் அதன் ஒரு பகுதியைக் கரைத்துவிடும் என்பதைப் பயன்படுத்தி, 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் இதை அமைத்து, இப்பெயரையும் வைத்தார். நம் வீடுகளில் பழைய கழிப்பறை இருந்த இடத்திலேயே, அதாவது கொல்லைப்புறத்திலேயே, இந்தத் தொட்டியும் இடம் பிடித்தது.

இப்போது முதல் கேள்விக்கு விடை தெரிகிறதா? கழிப்பறை பின்சந்தைப் பார்த்துக் கட்டப்பட்டது. பாதாளச் சாக்கடையோ முன்தெருவில் வருகிறது. எனவே உங்கள் புதுக் குழாய் கொல்லையிலிருந்து கூடம், நடை, திண்ணை எல்லாவற்றையும் கடந்து வாசலுக்கு வரவேண்டும். புது வீட்டுக்காரரின் கழிப்பறை வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவருக்கு 6 மீட்டர். உங்களுக்கு 24 மீட்டர்.

வாட்டத்தின் கணக்கு

நீளம் நான்கு மடங்கானால் செலவும் நான்கு மடங்குதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் வாட்டம் குறுக்கிடுகிறது. கழிவுநீர் குழாயில் தானாகவே ஓடவேண்டும். மிக மெதுவாக ஓடினால் நீர் மட்டும் போய்விட, திடப்பொருள் தங்கிவிடும். நான்கு அங்குலக் குழாய்க்கு 40க்கு 1, ஆறு அங்குலக் குழாய்க்கு 60க்கு 1 என்பது பழைய கட்டடப் பொறியாளர்களின் எளிய விதி. அதாவது நான்கு அங்குலக் குழாய் 40 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்க வேண்டும்.

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். பள்ளத்தின் அகலம் 50 செ.மீ., தொடக்க ஆழம் 40 செ.மீ. என்று கொள்வோம். 6 மீட்டர் குழாய் 15 செ.மீ. இறங்கும், சராசரி ஆழம் 47.5 செ.மீ.; வெட்டும் மண் ஏறத்தாழ 1.4 கன மீட்டர். 24 மீட்டர் குழாய் 60 செ.மீ. இறங்கும், சராசரி ஆழம் 70 செ.மீ.; வெட்டும் மண் 8.4 கன மீட்டர். நீளம் நான்கு மடங்கு. மண்ணோ ஏறக்குறைய ஆறு மடங்கு! இதற்கு மேல் தரையை உடைப்பதும், திரும்பத் தளம் போடுவதும் இருக்கின்றன. அடியில் பாறை தட்டினால் கூலி இன்னும் ஏறும்.

மதிப்பீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

உங்களிடம் தரப்படும் மதிப்பீட்டை மொத்தத் தொகையாக வாங்காதீர்கள். கீழ்க்கண்ட இனங்களாகப் பிரித்துக் கேளுங்கள்.

முதலாவது, மண்வேலை. இத்தனை கன மீட்டர் என்று அளவோடு இருக்க வேண்டும். மேலே நாம் போட்ட கணக்கை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது, குழாயும் இணைப்புகளும். பழைய சுட்ட மண் குழாய் எளிதில் தேய்வதில்லை. பழுது பெரும்பாலும் இணைப்பில்தான். தார்ச்சணலும் சிமெண்டும் வைத்து அடைத்த இணைப்பு, மண் சற்று அமிழ்ந்தாலும் விரிசல் விடும். அந்த விரிசலில் கசியும் ஈரத்தைத் தேடி அரச மரத்தின் வேர் நுழைந்துவிடும். ரப்பர் வளையம் வைத்த பி.வி.சி. குழாயில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதைக் கல்லும் கட்டியும் இல்லாத மணல் படுக்கையில் வைத்து, சுற்றிலும் நன்றாகக் கிட்டித்து மூடவேண்டும்.

மூன்றாவது, ஆய்வுத் தொட்டிகள். குழாய் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும், வீட்டெல்லையிலும் ஒரு தொட்டி வேண்டும். செலவைக் குறைப்பதற்காக இதை விட்டுவிட்டால், அடைப்பு வரும் நாளில் கூடத்துத் தரையை மறுபடியும் உடைக்க நேரும்.

நான்காவது, தளமும் சாலையும் சீரமைக்கும் செலவு. தெருவை வெட்ட நகராட்சியின் அனுமதி தேவை. அதற்கான கட்டணம் தனி.

ஐந்தாவது, நகராட்சிக்குச் செலுத்தும் இணைப்பு வைப்புத்தொகை. அதன் பிறகு பராமரிப்புக் கட்டணமும் தொடர்ந்து வரும்.

பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலைப் பட்டியலில் மண்வேலைக்கும் குழாய் பதிப்புக்கும் அலகு விலை உண்டு. உங்கள் மதிப்பீட்டை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணத்தைப் பேசுமுன் இன்னொன்றையும் செய்யுங்கள்: தெருவிலுள்ள தொட்டியின் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். உங்கள் குழாயின் கடைசி ஆழம் அதைவிட அதிகமானால், கழிவு தெருவுக்குப் போகாது, வீட்டுக்குத் திரும்பும்.

ஆலந்தூர் காட்டிய வழி

திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் பெருஞ்சாலை, சென்னையில் ஆலந்தூரை ஒட்டித் தொடங்குகிறது. 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணையும்வரை ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தது. அங்கும் வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க். அது நிரம்பினால் லாரி. 1990களின் பிற்பகுதியில், ஆர்.எஸ். பாரதி நகரமன்றத் தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடைத் திட்டம் தீட்டப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. கடனும் மானியமும் போக, மக்களும் ஒரு பங்கு தரவேண்டும் என்று நகராட்சி கேட்டது: வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனங்களுக்கு 10,000 ரூபாய். பின்னர் வீடுகளுக்கு மாதக் கட்டணம் 150 ரூபாய்.

குழாய் பதிக்குமுன்பே பணம் கேட்டால் யார் தருவார்கள்? ஆனால் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டுக் கணக்கை விளக்கினார்கள். லாரிக்கு அவ்வப்போது கொடுக்கும் தொகையையும், கெட்டுப்போகும் கிணற்று நீரையும் மக்கள் எண்ணிப் பார்த்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் துணை நின்றன. பல்லாயிரம் குடும்பங்கள் முன்பணம் கட்டின. 2000இல் பணி தொடங்கியது. 2003இல் பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையமும் இயங்கத் தொடங்கியது. கணக்கு தெளிவாக இருந்தால் மக்கள் பணம் தரத் தயங்குவதில்லை என்பது ஆலந்தூர் தரும் பாடம். விழுப்புரத்திலும் பிறகு திண்டிவனத்திலும் இந்த நூற்றாண்டில் பாதாளச் சாக்கடைப் பணிகள் வந்தன. இணைப்புக் கொடுக்கும் ஒவ்வொரு நகராட்சியும், இணைப்புப் பெறும் ஒவ்வொரு வீடும் ஆலந்தூரின் பாடத்தை நினைவில் கொள்ளலாம்.

மதிப்பீட்டில் வராத செலவு

இன்னொரு செலவு எந்தக் கொத்தனாரின் தாளிலும் வராது. வாட்டம் தவறிய குழாயும் ஆய்வுத் தொட்டி இல்லாத குழாயும் அடைத்துக்கொண்டால், அதை எடுக்க ஒரு மனிதரை உள்ளே இறக்கும் கொடுமை நம் நாட்டில் நடந்து வந்திருக்கிறது. தேங்கிய கழிவில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகுந்தால் முதலில் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று தோன்றும் அந்த வேளையிலேயே உயிர் போய்விடும்.

1993ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கழிப்பறையைத் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டாங்கிலும் மனிதரை இறக்குவதைக் குற்றமாக்கியது. அப்படி இறக்கும் வீட்டுக்காரரும் இதற்கு விலக்கல்ல. இப்படி இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

ஆகவே, குழாய் மாற்றும்போது எதில் சிக்கனம் செய்தாலும் வாட்டத்திலும் ஆய்வுத் தொட்டியிலும் செய்யாதீர்கள். முன்பு பின்சந்தில் யாரோ ஒருவர் நமக்காகச் செலுத்திய விலை அது. இப்போது அதை ரூபாயில் கொடுத்துத் தீர்க்க நமக்கு வழி இருக்கிறது. அளந்து, கணக்கிட்டு, முழுமையாகக் கொடுப்போம்.