கும்பிடு எந்த வாக்கியத்துக்கு?

இந்த வாரம் ஒரு குட்டிக் கேள்வியோட தொடங்கலாம். மெசேஜ் அனுப்பும்போது எமோஜி முற்றுப்புள்ளிக்கு முன்னாடி வரணுமா, பின்னாடி வரணுமா? சிரிக்காதீங்க. இதை யோசிக்காம விட்டதால எங்க சித்தப்பா நாலு மாசம் என்கூடப் பேசல.

சித்தப்பா வீடு அடி அண்ணாமலையில. கிரிவலம் போனவங்களுக்குத் தெரியும். பெரிய கோயில்ல கிளம்பி 14 கிலோமீட்டர் பாதையில பாதி தூரம் நடந்தா, மலைக்குப் பின்பக்கம் வர்ற ஊர். போன வருஷம் சித்தி தவறிட்டாங்க. அடக்கத்துக்குப் போயிட்டு வந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக முடியல. அன்னைக்குக் காலையில அவசரமா ஒரு மெசேஜ் தட்டினேன்:

"சித்தப்பா காரியத்துக்கு வர முடியல 🙏 பணம் அனுப்பியிருக்கேன்"

ரெண்டு நாள் கழிச்சு பணம் அப்படியே என் கணக்குக்குத் திரும்பி வந்தது. கூட ஒரு வார்த்தை இல்ல.

நான் அந்தக் கும்பிடை முதல் வாக்கியத்துக்குப் போட்டேன். வர முடியல, மன்னிச்சிடுங்கன்னு அர்த்தம். அவர் அதை ரெண்டாவது வாக்கியத்தோட சேர்த்துப் படிச்சிருக்கார். கும்பிடு, பணம் வந்திருக்கு, ஆளை விடுங்கன்னு. தமிழ்ல கும்பிடு போடுறதுக்கு ரெண்டு அர்த்தமும் உண்டுதானே? சாமிக்கும் கும்பிடு போடுறோம். "உன் சகவாசத்துக்கே ஒரு கும்பிடு"ன்னு உறவை முறிச்சுக்கவும் செய்றோம்.

நடுவுல நிற்கிற ஒரு சொல் முன்னாலயும் போய்ச் சேரும், பின்னாலயும் போய்ச் சேரும். இதுக்குத் தமிழ் இலக்கணத்துல பெயரே இருக்கு: தாப்பிசை. 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல், செய்யுள்ல சொற்களை எப்படிக் கூட்டிப் பொருள் கொள்றதுன்னு எட்டு வகை சொல்லுது. பொருள்கோள்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அதுல ஒண்ணுதான் தாப்பிசை. தாம்புன்னா ஊஞ்சல் கயிறு. ஊஞ்சல் முன்னும் பின்னும் போற மாதிரி, நடுச்சொல் ரெண்டு பக்கமும் போகும். செய்யுளுக்கு அது அழகு. சாவு வீட்டுக்கு அனுப்புற மெசேஜுக்கு அது ஆபத்து.

எட்டு வகையா பொருள்கோள் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது? செய்யுள்ல சொற்கள் இடம் மாறி நிற்கும்ங்கிறது முக்கியமான காரணம். கூடவே இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு எழுத்துல முற்றுப்புள்ளியும் கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. திருவண்ணாமலை கோயில் சுவர்ல சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்க. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாம ஒரே ஓட்டமா போகும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கணும்னு தொல்காப்பியமே சொன்னாலும், கல்லுலயும் ஓலையிலயும் பெரும்பாலும் வைக்க மாட்டாங்க. படிக்கிறவர்தான் இடம் பார்த்து நிறுத்தணும்.

அப்படியும் சமாளிச்சாங்க. காரணம், நம்ம மொழி வேலையைச் சொல்லோட வாலிலேயே வச்சிருக்கு. "வந்தான்"னு வினைமுற்று வந்தாலே பெரும்பாலும் வாக்கியம் முடிஞ்சது. "வந்தானா"ன்னு ஒரு ஆ சேர்த்தா கேள்வி. "வந்தானே"ன்னு ஏ சேர்த்தா அழுத்தம். கேள்விக்குறி இல்லாமலே கேள்வி கேட்கிற மொழி இது. "வாங்க", "வாப்பா", "வாடா" எல்லாம் அப்படித்தான். மரியாதை, பாசம், கோபம் எல்லாம் கடைசியில ஒட்டிக்கும். இன்னைக்கு எமோஜி வந்து உட்கார்ற இடமும் அதே வால்தான்.

தமிழ் எழுத்துல அச்சான முதல் நூல்கள்ல ஒண்ணு, 1578ல கொல்லத்துல வந்த 'தம்பிரான் வணக்கம்'. ஆனா நிறுத்தக்குறி தமிழ் உரைநடையில நிலைச்சு நிற்க இன்னும் பல தலைமுறை ஆச்சு. அதைப் பரவலாக்கினவர்னு எல்லாரும் சொல்ற பெயர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1822ல பிறந்து 1879ல மறைஞ்சவர். வண்ணார்பண்ணையிலும் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தினார். பிள்ளைகளுக்கான பாடப் புத்தகமும் உரைநடையும் நிறைய அச்சிட்டார். ஆசிரியர் பக்கத்துல இல்லாமலே படிக்கப்போற வாசகருக்கு, எங்கே நிறுத்தணும்னு தாளிலேயே காட்ட வேண்டியிருந்தது. ஆக, நாம இவ்வளவு சண்டை போடுற முற்றுப்புள்ளியே நம்ம வீட்டுக்குத் தாமதமா வந்த விருந்தாளிதான்.

நம்ம பழைய குறிகளுக்கு இந்தச் சிக்கல் இல்ல. பிள்ளையார் சுழி எப்பவும் தலைப்பில, எந்த வாக்கியத்திலும் சேராம தனியா நிற்கும். பத்திரத்துல ஆண்டுப் பெயருக்குப் பின்னால ௵, மாதத்துக்குப் பின்னால ௴. உருவம் மட்டும் இல்ல, இடமும் சேர்ந்துதான் அந்தக் குறி.

கணினியில சிரிப்புக்குறி வந்த கதையும் இதுதான். 1982ல அமெரிக்காவில கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல, லிஃப்ட்ல பாதரசம் சிந்திடுச்சுன்னு ஒருத்தர் மின் அறிவிப்புப் பலகையில விளையாட்டா எழுதினதைச் சிலர் நிஜ எச்சரிக்கைன்னு எடுத்துக்கிட்டாங்க. செப்டம்பர் 19 அன்னைக்கு ஸ்காட் ஃபால்மன்ங்கிற பேராசிரியர், வேடிக்கைக்கு அடையாளமா முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூணையும் சேர்த்துப் போடலாம்னு யோசனை சொன்னார். நிறுத்தக்குறியிலிருந்தே பிறந்த முகம் அது. 2010ல யூனிகோடு நூற்றுக்கணக்கான எமோஜிகளை ஏத்துக்கிட்டது, கும்பிடும் கை உட்பட. ஒவ்வொண்ணுக்கும் எண் கொடுத்தது, பெயர் கொடுத்தது. இடம் மட்டும் கொடுக்கல. 2019ல அதே யூனிகோடு நம்ம ஓலைச்சுவடி, கணக்குக் குறிகளையும் சேர்த்தது. உரை முடிஞ்சதுன்னு காட்டுற பழைய தமிழ்க்குறிகூட அதுல இருக்கு.

சரி, எங்கே வைக்கிறது? நான் இப்போ கடைப்பிடிக்கிறதைச் சொல்றேன். ஒரே வாக்கியம்னா எமோஜியே முடிவு, முற்றுப்புள்ளி வேண்டாம். கேள்வின்னா முதல்ல கேள்விக்குறி, அப்புறம் முகம்: "சாப்பிட்டியா? 😊" கேள்வி முழுசா முடிஞ்ச பிறகு கேட்டவர் சிரிக்கிறார். ரெண்டு வாக்கியம் வந்தா, எமோஜியை நடுவுல ஊஞ்சலாட விடாதீங்க. எதுக்கு உரியதோ அதோட வச்சு அடுத்த வரிக்குப் போயிடுங்க.

இந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை வந்ததும் கால் தானா சித்தப்பா வீட்டுத் திண்ணைக்குப் போச்சு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவரே போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினார். அழிக்காம வச்சிருந்தார். நான் விளக்கினேன். "இந்தக் கை மேல சொன்னதுக்கு, சித்தப்பா. நடுவுல ஒரு புள்ளி வைக்காம விட்டுட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"புள்ளி எதுக்குடா? ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உள்ளே கூட்டிட்டுப் போனார். சித்தி படத்துக்கு முன்னாடி நின்னு கும்பிட்டேன், கையாலயே.

அடுத்த வாரம் பார்ப்போம்.