ஒரு தாய் மக்கள் இருவர்: மட்டக்களப்புக் கூத்திற் கர்ணனும் அருச்சுனனும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கும் அமைந்த ஊர்களில் விடிய விடிய ஆடப்பெற்றுவரும் வடமோடிக் கூத்துகள் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளைப் பொருளாகக் கொண்டவை. அவற்றுள் ‘கர்ணன் போர்’ உடன்பிறந்தார் இருவரது முரண்பாட்டை நடுவாகக் கொண்டது.

அருச்சுனன் குலத்தின் உரிமையையும் தமையன் தருமனின் ஆணையையும் போற்றுபவன். பிறப்பறியாது தேரோட்டி மனையில் வளர்ந்த கர்ணனோ, அவையோர் இகழ்ந்தபோது அங்க நாடளித்து உயர்த்திய துரியோதனனுக்குரிய செஞ்சோற்றுக்கடனைப் போற்றுபவன். போருக்குமுன் குந்தி உண்மையை உரைக்கின்றாள். அரசும் தம்பியரும் வாய்க்குமென்று அறிந்தும் கர்ணன் நண்பனைக் கைவிட மறுக்கின்றான். அருச்சுனன் ஒழிந்த நால்வரையும் கொல்லேன் என்று மட்டும் தாய்க்கு வாக்களிக்கின்றான். உறவறிந்து பொருதவன் ஒருவன். அறியாது கொன்றவன் மற்றவன்.

இம்முரண் மட்டக்களப்பிலே தனிப்பொருள் பெறுகின்றது. இங்குப் பல சமூகங்களிற் ‘குடி’ தாய்வழியே வருவது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒரே குடியினர். அத்தகையோர் கூடிய களரியிற் கர்ணன் துறப்பது அரசை மட்டுமன்று, தன் குடியையும் எனக் கொள்ளலாம்.

1962இல் சு. வித்தியானந்தன் இக்கூத்தைச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு பேராதனையில் மேடையேற்றினார். வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. இரவு முழுதும் நீண்ட ஆட்டம் குறுகிய நேரத்துள் அடங்கிற்று. ஆயினும் வினா மாறவில்லை: பிறப்பால் வந்த உறவு பெரிதோ, செய்ந்நன்றி பெரிதோ? கூத்து வெற்றியை அருச்சுனனுக்கு அளித்தது. தன் பெயரைக் கர்ணனுக்கே அளித்தது.