மூக்கு அறுவைச் சிகிச்சையில் சிரைவழி மயக்கம்

சிரைவழி மயக்கம் என்பது மயக்க மருந்தைச் சிரை எனப்படும் இரத்தக் குழாயில் செலுத்தி நோயாளியை உறங்கவைக்கும் முறையாகும். மூக்கு அறுவையில் மூச்சு செல்லும் வழியும் மருத்துவர் வேலை செய்யும் இடமும் ஒன்றே. அதனால் இம்முறை அங்கு தனிப் பயன் தருகிறது.

மயக்க மருந்துக்கு முன்

கன்னத் தோலைக் கொண்டு அறுந்த மூக்கைச் சீரமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. மூச்சுக்காக மூக்கில் இரு குழல்களைப் பொருத்தவும், வலி தெரியாதிருக்க அறுவைக்கு முன் மது கொடுக்கவும் அது கூறுகிறது. 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி, திப்பு சுல்தான் படையிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். புனே அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலால் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். இச்செய்தி 1794 அக்டோபரில் இலண்டன் இதழொன்றில் வெளியானது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ 1814-இல் இலண்டனில் அறுவை செய்தார். அவருடைய நோயாளி விழித்தபடியே வலியைத் தாங்கினார்.

முகமூடியும் குழாயும்

1846-இல் ஈதரும் 1847-இல் குளோரோபார்மும் வந்தபின் வலி அகன்றது. ஆனால் மருந்தளிக்கும் முகமூடி மூக்கையே மறைத்தது; இரத்தம் நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்தும் இருந்தது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹரால்ட் கில்லீஸ் அறுவை செய்தார். அங்கு ஐவன் மெகில், ஸ்டான்லி ரோபோதம் ஆகியோர் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் முறையை வளர்த்தனர்.

சிரைவழி மருந்துகள்

1934-இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த தயோபென்டால் விரைவில் உறக்கம் தந்தது. எனினும் தொடர்ந்து செலுத்தினால் உடலில் தேங்கி, விழிப்பைத் தாமதப்படுத்தியது. ஜான் கிளென் கண்டறிந்த புரோபோபால் 1986-இல் விற்பனைக்கு வந்தது. சோயா எண்ணெய் கலந்த இந்த வெண்ணிற மருந்தின் மயக்கம், செலுத்துவதை நிறுத்தியதும் விரைவில் தெளிகிறது. எனவே அறுவை முடியும்வரை கருவி மூலம் சீராகச் செலுத்த முடிகிறது.

மீட்சி

மூக்கு அறுவையின்போது விழுங்கப்படும் இரத்தம் குமட்டலை உண்டாக்கும். வாந்தியோ கடும் இருமலோ வந்தால் இரத்தக்கசிவு மீண்டும் தொடங்கலாம். மூக்கில் பஞ்சு அடைத்திருந்தால் நோயாளி வாயாலேயே மூச்சுவிட வேண்டும். வாந்தியைக் குறைத்துத் தெளிவான விழிப்பைத் தருவதால் புரோபோபால் இங்கு விரும்பப்படுகிறது. ஆயினும் அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தாழ்த்தக்கூடியது. ஆகவே மயக்கவியல் மருத்துவரின் இடைவிடாத கண்காணிப்பு இன்றியமையாதது.