இதயம் இல்லாத ஈ சொன்ன செய்தி

ஓர் ஈயின் தலையில், உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில், கால் ஒன்று முளைத்திருக்கிறது. இதனால் உங்களுக்கு என்ன? "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வீர்கள். ஆனால் இத்தகைய விந்தை ஈக்களின் பின்னே சென்ற விஞ்ஞானிகள், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து மனித இதயத்தின் வாசலில் வந்து நின்றார்கள். சில குடும்பங்களில் தாத்தா, மகன், பேத்தி என்று தலைமுறைதோறும் இதயக் கோளாறு தொடர்வது ஏன் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. அந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம், வாருங்கள்.

இடம் மாறிய உறுப்புகள்

1894-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு உயிரியல் அறிஞர் வில்லியம் பேட்சன், உயிரினங்களில் காணப்படும் வேறுபாடுகளைத் தொகுத்து ஒரு பெரிய நூலை வெளியிட்டார். உடலின் ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் உறுப்பு தோன்றும் விந்தைகள் பல அதில் இடம்பெற்றிருந்தன. உணர்கொம்பின் இடத்தில் கால் வளர்ந்த பூச்சியும் அவற்றுள் ஒன்று. இம்மாற்றத்திற்கு அவர் 'ஹோமியோசிஸ்' என்று பெயர் சூட்டினார். காரணம் என்னவென்று அன்று எவருக்கும் தெரியாது.

1915-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கால்வின் பிரிட்ஜஸ் ஒரு விந்தைப் பழ ஈயைக் கண்டார். பழ ஈக்கு இரண்டு இறக்கைகள் உண்டு. அவற்றின் பின்னே, பறக்கும்போது உடலைச் சமநிலையில் வைக்கும் இரண்டு சிறு குமிழ்கள் உண்டு. பிரிட்ஜஸ் கண்ட ஈயில் அந்தக் குமிழ்கள் ஓரளவு இறக்கை போல மாறியிருந்தன. இந்தக் குறை அதன் சந்ததிக்கும் சென்றது. ஆகவே இதற்குக் காரணம் மரபணுவில் ஏற்பட்ட சடுதி மாற்றமே என்பது தெளிவாயிற்று.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் லூயிஸ் இந்த ஈக்களை 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தார். சடுதி மாற்றங்களை ஒன்றோடொன்று சேர்த்து, நான்கு முழு இறக்கைகள் கொண்ட ஈயையே உருவாக்கிக் காட்டினார்! உடலின் எந்தப் பகுதியில் எந்த உறுப்பு வளர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் உண்டு என்பதை 1978-இல் அவர் வெளியிட்ட கட்டுரை விளக்கியது. 1995-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

180 எழுத்துகள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் மெக்கின்னிஸ், மைக்கேல் லெவின் ஆகியோர் இந்த மரபணுக்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெவ்வேறு மரபணுக்களில் ஒரு சிறு பகுதி மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது. அதன் நீளம் சுமார் 180 எழுத்துகள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஸ்காட்டும் ஏமி வெய்னரும் தனியாக ஆராய்ந்து இதையே கண்டறிந்தனர். இரு குழுவினரின் முடிவுகளும் 1984-இல் வெளிவந்தன. இந்தப் பகுதிக்கு 'ஹோமியோபாக்ஸ்' என்று பெயர் ஏற்பட்டது.

இந்த 180 எழுத்துகள் என்ன செய்கின்றன? மூன்று எழுத்துகள் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன்படி 180 எழுத்துகள் புரதத்தின் 60 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. இந்த 60 அமினோ அமிலங்கள் மூன்று சுருள்களாக மடிகின்றன. மூன்றாம் சுருள் டி.என்.ஏ. ஏணியின் பள்ளத்தில், பூட்டில் சாவி நுழைவதுபோலப் பொருந்துகிறது. அவ்வாறு பொருந்திய புரதம் அங்குள்ள மற்ற மரபணுக்களை இயக்குகிறது, அல்லது நிறுத்துகிறது. கட்டட வேலையில் தாம் செங்கல் சுமக்காமல், யார் எதைச் செய்ய வேண்டும் என்று ஆணையிடும் மேஸ்திரியைப் போன்றவை இந்த மரபணுக்கள் எனலாம்.

இதைவிட வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. ஈயின் ஹோமியோபாக்ஸைக் கொண்டு மற்ற உயிர்களின் டி.என்.ஏ.வில் தேடியபோது தவளை, கோழி, எலி, மனிதன் ஆகிய அனைத்திலும் அது அகப்பட்டது! ஈயும் மனிதனும் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வெவ்வேறு கிளைகளாகப் பிரிந்தவர்கள். இருந்தும் இந்த ஆணை எழுத்துகள் பெரிதும் மாறாமல் நிலைத்திருக்கின்றன. மனிதனிடம் 200-க்கும் மேற்பட்ட ஹோமியோபாக்ஸ் மரபணுக்கள் உள்ளன என்பதை இன்று நாம் அறிவோம்.

தகர மனிதன்

மரபுக் குறியீட்டைக் கண்டறிந்ததற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் மார்ஷல் நிரென்பர்க். 1989-இல் அவரும் யோங்சொக் கிம் என்பாரும் பழ ஈயில் சில புதிய ஹோமியோபாக்ஸ் மரபணுக்களைக் கண்டறிந்து, தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'என்.கே.' என்று பெயரிட்டனர். அவற்றுள் ஒன்று செயலிழந்தால் ஈயின் கருவில் இதயமே உருவாவதில்லை என்று 1993-இல் ரால்ஃப் போட்மர் காட்டினார். ஈயின் இதயம் முதுகுப்புறம் நீண்டு கிடக்கும் ஓர் எளிய குழல்தான். அந்தக் குழலே அங்கு இல்லை. ஆங்கிலச் சிறுவர் கதை ஒன்றில், இதயம் வேண்டி அலையும் தகர மனிதன் ஒருவன் வருவான். அவன் பெயரையே இந்த மரபணுவுக்கு வைத்தார்கள்: 'டின்மேன்'.

எலியிலும் மனிதனிலும் இதற்கு உறவான மரபணு உண்டு. அதன் பெயர் என்.கே.எக்ஸ். 2-5. 1995-இல் ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஹார்வியின் குழுவினர் இந்த மரபணு இல்லாத எலிக் கருக்களை ஆராய்ந்தார்கள். ஈயில் நடந்ததற்கு மாறாக, இங்கே இதயக் குழல் உருவாயிற்று, துடிக்கவும் செய்தது. ஆனால் வளைந்து மடிந்து அறைகளாகப் பிரிய வேண்டிய அந்தக் குழல் அப்படியே நின்றுவிட்டது. கருக்கள் பத்தாம் நாளையொட்டி மடிந்தன.

உங்கள் இதயமும் ஒரு காலத்தில் குழலாகத்தான் இருந்தது. கருவின் நான்காம் வாரத் தொடக்கத்தில் அது துடிக்கத் தொடங்கி, பிறகு வலப்பக்கமாக வளைந்து, எட்டாம் வார முடிவிற்குள் நான்கு அறைகள் கொண்ட இதயமாக வடிவெடுத்தது.

குடும்பங்களில் கிடைத்த விடை

இப்போது மனிதர்களிடம் வருவோம். மேலறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் ஓட்டையுடன் பிறக்கும் குழந்தைகள் உண்டு. சில குடும்பங்களில் இந்த ஓட்டையோடு மற்றொரு கோளாறும் சேர்ந்து வந்தது. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்ல வேண்டிய மின்துடிப்பு தாமதமாகச் சென்றது. சில வேளைகளில் தடைபட்டது.

அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் கிறிஸ்டின் சைட்மன், ஜோனதன் சைட்மன் ஆகியோரின் குழுவினர் இக்குடும்பங்களில் கோளாறு உள்ளவர்களின் டி.என்.ஏ.வையும் இல்லாதவர்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். குற்றவாளி ஐந்தாம் குரோமோசோமில் ஒரு பகுதியில் ஒளிந்திருப்பது தெரிந்தது. அதே பகுதியில்தான் என்.கே.எக்ஸ். 2-5 இருக்கிறது! அந்த மரபணுவைப் படித்துப் பார்த்தபோது மூன்று வெவ்வேறு சடுதி மாற்றங்கள் கிடைத்தன. இது 1998-இல் வெளிவந்தது.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. தந்தை தந்தது ஒன்று, தாய் தந்தது ஒன்று. இக்கோளாறில் ஒரு படி பழுதுபட்டாலே போதும். மற்றொரு படி தரும் புரதம் இதயத்தைச் சரிவரக் கட்டி முடிக்கப் போதுவதில்லை. பழுதுபட்ட படி ஒவ்வொரு குழந்தைக்கும் செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. தாத்தா, மகன், பேத்தி என்று கோளாறு ஏன் தொடர்ந்தது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இதில் உயிர் காக்கும் பாடம் ஒன்று அடங்கியுள்ளது. அறுவை மருத்துவத்தால் ஓட்டையை அடைத்துவிடலாம். ஆனால் மின்துடிப்பின் தடை ஆண்டுகள் செல்லச் செல்ல முற்றக்கூடும். திடீர் மரணமும் நேரலாம். ஆகவே இத்தகைய குடும்பத்தினர், ஓட்டையே இல்லாதவரும் கூட, இ.சி.ஜி. சோதனையைத் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும். தேவையானபோது பேஸ்மேக்கர் கருவி பொருத்தினால் அவர்களைக் காப்பாற்றலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பிறவி இதயக் கோளாறுகளில் சிறு பகுதிக்கே இந்த மரபணு காரணம். அது தனித்தும் வேலை செய்வதில்லை, ஜி.ஏ.டி.ஏ. 4, டி.பி.எக்ஸ். 5 முதலிய வேறு மரபணுக்களின் புரதங்களோடு கைகோத்தே இதயத்தைக் கட்டுகிறது. பல கோளாறுகளின் காரணம் இன்னும் தேடப்பட்டு வருகிறது.

பேட்சனும் பிரிட்ஜஸும் இதய நோய்க்கு மருந்து தேடியவர்கள் அல்லர். இயற்கை ஏன் இப்படிச் செய்கிறது என்று கேட்டவர்கள், அவ்வளவே. "ஈயை ஆராய்ந்து என்ன பயன்?" என்று அன்று யாரேனும் பணத்தையும் இடத்தையும் மறுத்திருந்தால், இந்தக் குடும்பங்களுக்கு விடை கிடைக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ! அடுத்த முறை கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் சிறு ஈக்களை விரட்டும்போது, உங்கள் இதயத்தைக் கட்டிய மேஸ்திரியின் உறவினர் ஒருவர் அவற்றின் உடலிலும் இருப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.