வாளையார் இறக்கம்

கோவையிலிருந்து மேற்கே செல்லும் ரயில் மதுக்கரையைக் கடந்து வாளையார்க் காட்டினுள் புகுகிறது. பிழைப்பு நாடிக் கேரளம் சென்று வாழும் நம்மவர்க்குத் தமிழகத்தின் எல்லையை அறிவிக்கும் இடம் இதுவே. 1956-இல் மாநில எல்லையான இவ்வூர், அதற்குமுன் சென்னை இராஜ்யத்தின் உட்பகுதியாகவே இருந்தது. ஆயினும் இயற்கை வகுத்த எல்லையொன்று இங்குத் தொன்றுதொட்டு உண்டு. அது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்டது.

பேப்பூரிலிருந்து கிழக்கே வந்த சென்னை ரயில்வேயின் பாதை, பாலக்காட்டுக் கணவாய் வழியே 1862-இல் போத்தனூரை அடைந்தது. கோவை கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காடோ 100 மீட்டருக்கும் குறைவு. இடையே பாதை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சராசரியாக 160 அடி நடந்தால் ஓரடி இறங்குகிறோம். கால் இச்சரிவை உணராது, சக்கரம் உணரும்.

இதன் காரணம் யாது? மரப்பெட்டி ஒன்றை இச்சரிவில் வைத்தால் அது அசையாது. சறுக்கும் பொருளை உராய்வு வலுவாகப் பற்றிக்கொள்கிறது. அழுத்தும் பாரம் மிக, உராய்வும் அதற்கேற்ப மிகும் என்று பிரான்சு நாட்டு அமோந்தோன் 1699-இலேயே எடுத்துரைத்தார். உருளும் பொருளின் நிலை வேறு. தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரத்தைத் தடுக்கும் விசை, அதன் பாரத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்களவே. சரிவின் இழுப்போ நூற்றறுபதில் ஒரு பங்கு. ஆகவே, தடையின்றி விடப்பட்ட பெட்டி தானே உருண்டோடும், வேகமும் வளரும்.

அதனைக் காப்பதும் உராய்வே. தடைக்கட்டை சக்கரத்தை அழுத்தும்போது, சக்கரம் தண்டவாளத்தைப் பற்றி நிற்கிறது. மழையில் நனைந்த தண்டவாளத்திலும் அப்பிடிப்பு பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உண்டு. வாளையார்ச் சரிவுக்கு அது தாராளம். வெஸ்டிங்ஹவுஸ் காற்றுத் தடையைக் கண்டது 1869-இல். அதற்கு முன்னர் கார்டு முதலானோர் கையால் திருகிய தடைகளே வண்டியைக் காத்தன.

அண்டையிலுள்ள நீலகிரியில் கதை மாறுகிறது. 1899-இல் குன்னூர்வரை திறக்கப்பட்ட மலைரயிலின் சரிவு பன்னிரண்டரைக்கு ஒன்று. நனைந்த தண்டவாளத்தின் பிடிப்பு அங்கே போதாது. பாரம் முழுவதையும் இழுக்க வேண்டிய எஞ்சின், தன் எடையளவுக்கே பற்றமுடியும். எனவே நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கடித்தேறுமாறு செய்தனர். பெட்டிதோறும் தடை இயக்குவோர் இன்றும் உடன்செல்கின்றனர்.

தேய்மானத்துக்குக் காரணமென்று உராய்வைப் பழிப்பது நம் வழக்கம். எண்ணெயிட்டு அதனைக் குறைக்கவும் செய்கிறோம். அச்சில் குறைய வேண்டிய அதுவே தடையில் நிறைய வேண்டும். இரண்டும் தத்தம் இடத்தில் அமைந்தமையாலேயே, ஊரிலிருந்து திரும்பும் நாம் வாளையார் இறக்கத்தை அச்சமின்றிக் கடக்கிறோம்.